பலேர்மோவில் எங்கே, எப்போது, எப்படிச் சாப்பிடுவது?

பலேர்மோவில் நல்ல உணவகம் எது என்று பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பெயர் கிடைக்கும். பத்தும் நல்ல இடமாகவே இருக்கும். ஆனால் நீங்கள் பசியோடு போய் நிற்கிற நேரத்தில் அதில் பாதி பூட்டிக் கிடக்கும். இத்தாலியைச் சேர்ந்த சிசிலித் தீவின் தலைநகரான இந்தப் பழைய துறைமுக ஊரில் சாப்பாடு கடிகாரத்தைப் பார்த்து நடக்கிறது. காலை பதினொரு மணிக்கு மணக்கிற தெரு மாலை நாலு மணிக்கு ஈரத் தரையும் காலிப் பெட்டிகளுமாகக் கிடக்கும். பகலில் ஆளே இல்லாத சதுக்கத்தில் இரவு பத்து மணிக்கு நிற்க இடம் இருக்காது. அதனால் கடைப் பெயர்களை மனப்பாடம் செய்யாதீர்கள். எந்த நேரத்துக்கு எந்தத் தெரு என்று தெரிந்துகொண்டால் போதும். இந்தக் கட்டுரையும் அந்த வரிசையிலேயே, காலையில் தொடங்கி இரவு வரை போகிறது.

தங்கும் இடம்

பழைய நகரத்தின் நடுப்புள்ளி குவாத்ரோ கான்தி என்னும் நாற்சந்தி. வியா மக்வேதா, வியா விட்டோரியோ இமானுவேலே என்ற இரண்டு நெடுந்தெருக்கள் அங்கே குறுக்கே வெட்டிக்கொண்டு ஊரை நான்கு பேட்டைகளாகப் பிரிக்கின்றன. தென்மேற்கில் இருப்பது அல்பெர்கேரியா. பல்லாரோ சந்தை அங்கேதான். வடமேற்கில் காப்போ, அதே பெயருள்ள சந்தையோடு. வடகிழக்கில் வுச்சிரியா. தென்கிழக்கில் கடலைத் தொட்டுக்கொண்டு கால்சா. நாற்சந்தியிலிருந்து கால் மணி நேர நடைக்குள் அறை எடுத்தால் சாப்பாட்டுக்காக வண்டி ஏறவே வேண்டாம். வாடகைக் கார் எடுக்கும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். பழைய நகரத்துக்குள் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. நிறுத்தவும் இடம் கிடைக்காது.

நாற்சந்திக்கும் தியாத்ரோ மாஸ்ஸிமோ இசை அரங்குக்கும் நடுவே வியா மக்வேதா நடந்து செல்வோருக்கான தெருவாக இருக்கிறது. வாசலில் ஆள் நின்று கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைக்கிற கடைகளும், ஆறு மொழிகளில் படம் போட்ட மெனு அட்டைகளும் அங்கே அதிகம். எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் வாசலில் ஆள் வைத்து அழைக்க வேண்டிய நிலையில் இருக்கிற கடையில் நான் உட்காருவதில்லை. இரண்டு சந்து உள்ளே தள்ளிப் போனால் விலை இறங்கும், சுவை ஏறும்.

காலை: நின்றுகொண்டே காபி

இங்கே பார் என்றால் காபிக் கடை. பயப்படாமல் உள்ளே போகலாம். பல கடைகளில் முதலில் கல்லாவில் காசு கொடுத்து ரசீது வாங்க வேண்டும். அந்தச் சீட்டை மேடையில் வைத்தால் காபி வரும். வெறுமனே ‘காஃபே’ என்று கேட்டால் இரண்டு மடக்கில் தீருகிற எஸ்ப்ரெஸ்ஸோதான் கிடைக்கும். பால் வேண்டுமென்றால் கப்புச்சீனோ என்று சொல்லிக் கேளுங்கள். மேடையருகே நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் இன்னொரு விலை. ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம். இத்தாலி முழுக்க உள்ள வழக்கம்தான்.

கோடையில் போனால் காலை உணவுக்குக் கிரானிட்டா சாப்பிடுங்கள். எலுமிச்சையிலோ பாதாமிலோ காபியிலோ செய்த, கரண்டியால் அள்ளித் தின்னும் ஐஸ் கூழ். கூடவே தலையில் சிறு கொண்டை வைத்த பிரியோஷ் ரொட்டி வரும். முதலில் கொண்டையைப் பிய்த்துக் கிரானிட்டாவில் தோய்த்துத் தின்பதுதான் முறை. அதே ரொட்டியை நடுவில் பிளந்து ஐஸ்கிரீம் வைத்தும் தருவார்கள். காலை எட்டு மணிக்கு ஐஸ்கிரீமா என்று வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளித்தால், ஊரே அப்படித்தான் தின்கிறது என்று காட்டிவிடுங்கள்.

பதினோரு மணி: சந்தை

ஒருநாள் மட்டும் பலேர்மோவில் இருக்கப் போகிறீர்கள் என்றால் பல்லாரோவுக்குப் போங்கள். மத்திய ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குள் போவது நல்லது. அதற்கு முன் அடுப்பு சூடாகியிருக்காது. பிறகு மிச்சம் மீதிதான்.

முதலில் எதையும் வாங்காமல் ஒருமுறை முழுத் தெருவையும் நடந்து பாருங்கள். முழங்கை நீளத்துக்கும் மேலே வளர்ந்த வெளிர்பச்சைச் சுரைக்காயை அடுக்கி, அதன் கொழுந்தை ‘தெனெருமி’ என்று தனியாகக் கட்டி விற்பார்கள். வாள்மீனின் தலையை மூக்கு வானத்தைப் பார்க்க நிறுத்தியிருப்பார்கள். விலையைக் கூவுவது ராகமாகவே இருக்கும். இந்தப் பேட்டையில் இலங்கை, வங்கதேச மக்களும் ஆப்பிரிக்க மக்களும் பலர் வாழ்கிறார்கள். நமக்குத் தெரிந்த மளிகைச் சாமான் தேடுவோருக்கும் இதுதான் இடம்.

பிறகு பனெல்லே பொரிக்கிற கடை எது என்று பாருங்கள். பலேர்மோவை ஒரே பண்டத்தில் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அது இதுதான். கொண்டைக்கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, உப்புப் போட்டு, அல்வா கிண்டுவதைப் போல விடாமல் கிண்டுவார்கள். கெட்டியாகிப் பாத்திரத்தை விட்டுச் சுருண்டு வரும்போது பார்ஸ்லி இலையைத் தூவி, சூடு ஆறுவதற்குள் மெல்லிய ஏடாகப் பரப்பி ஆறவிடுவார்கள். துண்டு போட்டு எண்ணெயில் விட்டால் ஓரம் மொறுமொறுப்பாகி, நடு மட்டும் மெத்தென்று நிற்கும். கடைக்காரர் எள் தூவிய ரொட்டியைக் கத்தியால் பிளந்து, ஐந்தாறு ஏடுகளை அடுக்கி, எலுமிச்சை பிழிந்து, மேலே உப்பைச் சுண்டி, காகிதத்தில் சுற்றி நீட்டுவார். எலுமிச்சை வேண்டுமா என்று கேட்டால் வேண்டும் என்றே சொல்லுங்கள்; அது இல்லாமல் பாதிச் சுவைதான். சில யூரோவில் வயிறு நிறையும்.

கூடவே குரோக்கே என்ற உருளைக்கிழங்கு உருண்டையையும் வாங்குங்கள். மசித்த கிழங்கில் புதினாவோ பார்ஸ்லியோ சேர்த்து விரல் நீளத்துக்கு உருட்டிப் பொரித்தது. பனெல்லேயும் குரோக்கேயும் ஒரே ரொட்டிக்குள் வைத்துத் தரும்படியும் கேட்கலாம். கடையைத் தேர்ந்தெடுக்க ஒரே விதி: பொரித்து மலையாகக் குவித்து வைத்திருக்கிற கடையை விட்டுவிட்டு, கேட்ட பிறகு எண்ணெயில் போடுகிற கடையில் நில்லுங்கள்.

காப்போ சந்தை இசை அரங்குக்குப் பக்கம். பல்லாரோவைவிடச் சுத்தம், நெரிசலும் குறைவு. வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இதுவே வசதி. எங்கே போனாலும் திங்கட்கிழமை மீனை நம்ப வேண்டாம். அன்றைக்கு மீன் பலகைகள் மந்தம்.

அரான்சீனா

சோற்றை உருண்டை பிடித்து, உள்ளே பொருள் வைத்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தது. பலேர்மோவில் இது பெண்பால், அரான்சீனா. தீவின் மறுகோடியில் இருக்கும் கத்தானியாவில் ஆண்பால், அரான்சீனோ. இந்தச் சண்டையில் தலையிடாதீர்கள். நிற்கிற ஊரில் சொல்கிறபடி சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள். இரண்டு வகை எங்கும் உண்டு. ஒன்று ‘கார்னே’, இறைச்சிக் குழம்பு வைத்தது. மற்றது ‘புர்ரோ’. புர்ரோ என்றால் வெண்ணெய் என்று அகராதியில் பார்த்துவிட்டுச் சைவர்கள் பலர் ஆசையாக வாங்குவார்கள். உள்ளே பாலாடைக்கட்டியோடு பன்றி இறைச்சித் துண்டும் இருக்கும். கீரை வைத்தது சில கடைகளில் கிடைக்கும், அதைக் கேளுங்கள்.

இறைச்சி தின்பவர்களுக்கு

நம் கறிக்கடையில் சுவரொட்டி என்று கேட்டு வாங்குவோமே, அந்த மண்ணீரல்தான் இந்த ஊரின் பெருமை. கன்றின் மண்ணீரலையும் நுரையீரலையும் வேகவைத்து, மெல்லிசாக நறுக்கி, பன்றிக்கொழுப்பில் வாட்டி, மெத்தென்ற உருண்டை ரொட்டிக்குள் திணித்துத் தருவது ‘பானி கா மேவுசா’. எலுமிச்சை மட்டும் பிழிந்தால் அதற்கு ‘பிரம்மச்சாரி’ என்று பெயர். பாலாடைக்கட்டி சேர்ந்தால் ‘கல்யாணமானவன்’. முதல்முறை தின்பவர்கள் கல்யாணமானவனிலிருந்து தொடங்குவது நல்லது. ஈரல் வாடையைப் பாலாடைக்கட்டி அடக்கும். 1834இல் தொடங்கிய அந்திகா ஃபொகாச்சேரியா சான் ஃபிரான்செஸ்கோ என்ற கடையில் உட்கார்ந்து சாப்பிடலாம். படகுத் துறையான லா காலாவின் எதிரே போர்த்தா கார்போனே என்ற சிறு கடையில் நின்றுகொண்டு சாப்பிடலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

மாலையில் தெருமுனையில் புகை எழுந்தால் அது ‘ஸ்டிகியோலா’. ஆட்டுக்குடலை வெங்காயத்தாளின் மேல் சுற்றிக் கரியில் சுட்டு, துண்டு போட்டு, உப்பும் எலுமிச்சையுமாகத் தருவார்கள். குடல் குழம்பு பழகியவர்கள் ஒரு நொடியும் யோசிக்க வேண்டாம்.

சைவர்கள் கவனிக்க

பலேர்மோவில் சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஆனால் மறைந்திருக்கும் மாமிசத்தைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். தடித்த மெத்து ரொட்டியின் மேல் தக்காளியும் வெங்காயமும் பரப்பிய ‘ஸ்ஃபின்ச்சோனே’ பார்ப்பதற்குச் சைவம்; உள்ளே நெத்திலி கரைந்திருக்கும். நம் ஊரிலும் ஓடுகிற அதே மூன்று சக்கர ஆப்பே வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக் கூவி விற்பார்கள். ஆசைப்பட்டு ஓடுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். கன்னோலி என்ற இனிப்பின் மொறுமொறுப்பான குழலுக்கு மாவு பிசையும்போது பன்றிக்கொழுப்பும் மதுவும் சேர்ப்பது பழைய முறை. பாஸ்தாவின் மேல் தூவுகிற வறுத்த ரொட்டித்தூளிலும் சில சமயம் நெத்திலி இருக்கும். பனெல்லே சுத்தச் சைவம். ஆனால் அதே எண்ணெயில் வேறு எதையெல்லாம் பொரிக்கிறார்கள் என்பது கடைக்குக் கடை மாறும்.

நாலு சொல் போதும். ‘சோனோ வெஜெதாரியானோ’ என்றால் நான் சைவம். பெண்கள் கடைசியில் ‘வெஜெதாரியானா’ என்று முடிக்க வேண்டும். ‘சென்சா கார்னே, சென்சா பெஷ்ஷே’ என்றால் இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம். ‘ஸ்த்ருத்தோ’ பன்றிக்கொழுப்பு, ‘அச்சூகே’ நெத்திலி. சைவம் என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடாதீர்கள். நெத்திலியைச் சைவத்தில் சேர்க்கிற தாராள மனம் கொண்ட சமையல்காரர்கள் இங்கே உண்டு.

தைரியமாகக் கேட்கக்கூடியது காபொனாத்தா. கத்தரிக்காயைப் பொரித்து, செலரி, ஆலிவ், தக்காளியோடு வினிகரும் சர்க்கரையும் சேர்த்து, ஆறிய பிறகு தருவார்கள். சூடாக வரவில்லையே என்று திருப்பி அனுப்பாதீர்கள். ஆறினால்தான் புளிப்பும் இனிப்பும் கூடும். பாஸ்தா அல்லா நோர்மா கத்தானியாக்காரர்களுடையது என்றாலும் இங்கேயும் கிடைக்கும். தக்காளி, கத்தரிக்காய், உப்பு ஏற்றிய ரிக்கோட்டா என்ற பாலாடைக்கட்டி.

மேசையில் உட்கார்ந்து ஒரு சாப்பாடு

மதியச் சாப்பாடு ஒரு மணிக்குத் தொடங்கி இரண்டரைக்கு அடங்கும். மூன்று மணிக்குப் போனால் சமையலறை மூடியிருக்கும். இரவு எட்டுக்கு முன் போனால் மேசை துடைத்துக்கொண்டிருப்பார்கள். நடுவே பசித்தால் பார்களும் பொரிப்புக் கடைகளும்தான் துணை. ஞாயிறு இரவும் திங்களும் விடுமுறை விடுகிற கடைகள் பல. வெள்ளி, சனி இரவுக்கு முன்பதிவு அவசியம்.

‘திரத்தோரியா’ என்ற பலகை இருந்தால் எளிய வீட்டுச் சமையல் என்று பொருள். இசை அரங்குக்குப் பக்கத்தில் வியா வெனெத்சியாவில் 1944 முதல் நடக்கிற ஃபெர்ரோ தி கவால்லோ சிக்கனக்காரர்களுக்கு ஏற்றது. மீனுக்கு போர்கோ வெக்கியோ என்ற பேட்டைப் பக்கமாக பிக்கோலோ நாபொலி. 1951இலிருந்து இருக்கிறது, விலை கொஞ்சம் கூடுதல். பல்லாரோ சந்தையை ஒட்டியுள்ள மோல்திவோல்தியில் பல நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் சேர்ந்து சமைக்கிறார்கள்; சிசிலிச் சமையலும் ஆப்பிரிக்க, ஆசியச் சமையலும் ஒரே மெனுவில் இருக்கும்.

மெனுவில் முன்பண்டம், பாஸ்தா, மீன் அல்லது இறைச்சி, பக்கக் காய் என்று நான்கு பகுதி இருந்தாலும் நான்கையும் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு முன்பண்டத்தை இருவர் பகிர்ந்துகொண்டு, ஆளுக்கொரு பாஸ்தா வாங்கினால் தாராளம். எந்தப் பாஸ்தா என்று குழம்பினால் ‘பாஸ்தா கொன் லெ சார்தே’. மத்தி மீன், காட்டுச் சோம்புத் தழை, உலர்திராட்சை, பைன் பருப்பு, குங்குமப்பூ, மேலே வறுத்த ரொட்டித்தூள். மீனில் திராட்சையா என்று முதல் வாய்க்கு முன் தோன்றும். 831இல் இந்த ஊரைப் பிடித்த அரபுகள், 1072இல் நார்மன்கள் கைக்குப் போகும் வரை இருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன சமையல் என்று ஊர்க்காரர்கள் இந்தத் தட்டைக் காட்டுவார்கள். காட்டுச் சோம்பு தழைக்கிற வசந்தகாலத்தில்தான் இதன் மணம் முழுமையாக இருக்கும்.

பணம் தொடர்பாக மூன்று செய்திகள். பில்லில் ‘கோபெர்த்தோ’ என்று ஆளுக்கு ஓரிரு யூரோ சேர்ந்திருக்கும். அது மேசைக்கும் ரொட்டிக்குமான கட்டணம், சட்டப்படி மெனுவில் போட்டிருக்க வேண்டும். டிப்ஸ் கட்டாயமில்லை. மூன்றாவதுதான் பர்ஸைக் காலி செய்வது: முழு மீனின் விலைக்கு எதிரே ‘எத்தோ’ என்று இருந்தால் அது 100 கிராமுக்கான விலை. ஆறு யூரோ என்று நினைத்துக் கேட்கிற மீன் 800 கிராம் இருந்தால் பில் 48 யூரோ. சமைப்பதற்கு முன்பே மீனைக் காட்டி எடையைச் சொல்லச் சொல்லுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். பண்டத்தின் பெயரருகே சிறு நட்சத்திரக் குறி இருந்தால் பெரும்பாலும் அது உறையவைத்த சரக்கு என்று பொருள்.

நாலு மணி: கன்னி மடத்து இனிப்பு

நாற்சந்திக்குப் பக்கத்திலேயே பெல்லினி சதுக்கத்தில் சாந்தா காத்தரீனா மடம் இருக்கிறது. டொமினிக்கன் கன்னியர் வாழ்ந்த இடம். சிசிலியின் பழைய இனிப்புகள் பல இப்படிப்பட்ட மடங்களின் அடுக்களையில் பிறந்தவை. அந்தச் செய்முறைகளைக் கொண்டு இப்போது மடத்துக்குள்ளேயே இனிப்புக் கடை நடக்கிறது. வாங்கிக்கொண்டு உள்முற்றத்துக்குப் போங்கள். ஆரஞ்சு மரங்களும் நடுவில் நீரூற்றும் இருக்கும். கன்னோலிக்குள் ஆட்டுப்பால் ரிக்கோட்டாவை நீங்கள் கேட்ட பிறகுதான் நிரப்ப வேண்டும். முன்கூட்டியே நிரப்பிக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியதை வாங்காதீர்கள். குழல் நமத்துப் போயிருக்கும். பழங்களைப் போலவே வண்ணம் தீட்டிய பாதாம் இனிப்பு ‘மர்தொரானா’ நாள்பட இருக்கும், ஊருக்கு வாங்கிவரத் தோது. கஸாத்தா கேக்கைப் பற்றி ஊரெல்லாம் புகழ்கிறது, எனக்குத் திகட்டுகிறது. சின்னதாக ஒன்று வாங்கி நாலு பேர் பகிர்ந்துகொள்ளுங்கள்.

இரவு

வுச்சிரியா ஒரு காலத்தில் ஊரின் பெரிய சந்தை. இப்போது பகலில் சில கடைகளே மிச்சம். உயிர் வருவது இருட்டிய பிறகு. கரியடுப்புப் புகை, சத்தமான பாட்டு, வேகவைத்து நறுக்கிய பேய்க்கணவாய், பிளாஸ்டிக் கோப்பையில் மது. இளைஞர்களுக்குக் கொண்டாட்டம். குழந்தைகளோடு போனால் ஒன்பதுக்குள் சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். கைப்பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள்.

கதவில் ஒட்டிய சீட்டு

கடைக் கதவில் ‘அத்தியோபித்சோ’ என்ற சிறு ஒட்டுச்சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். மாஃபியாவுக்கு மாமூல் கட்ட மறுத்த கடை என்று பொருள். மாமூல் தர மாட்டேன் என்று பத்திரிகையில் பகிரங்கமாக எழுதிய துணி ஆலை முதலாளி லிபெரோ கிராஸ்ஸி 1991 ஆகஸ்ட் 29 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். 2004இல் ஒரு காலையில் ஊர் விழித்தபோது சுவரெங்கும் சீட்டுகள்: மாமூல் கட்டும் மக்கள் மானமில்லாத மக்கள் என்ற பொருளில். ஒட்டியவர்கள் சில இளைஞர்கள். அந்த இயக்கம்தான் இன்று கடைகளுக்கு இந்தச் சீட்டைத் தருகிறது. மேலே சொன்ன 1834ஆம் ஆண்டுக் கடையின் அப்போதைய உரிமையாளரும் மாமூல் கேட்டவர்களை நீதிமன்றத்தில் நேருக்கு நேர் அடையாளம் காட்டி, போலீஸ் காவலோடு வாழ்ந்தவர். சீட்டு உள்ள கடைகளின் பட்டியலை இயக்கமே வெளியிடுகிறது. இரண்டு கடை சமமாகத் தோன்றினால் சீட்டு உள்ள கடைக்குள் நுழையுங்கள்.

எந்த மாதம்

ஆகஸ்ட் 15 பெருவிடுமுறையை ஒட்டி நல்ல கடைகள் பல மூடிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடும். டிசம்பர் 13 தூய லூசியா நாள். பஞ்சத்தில் கோதுமைக் கப்பல் வந்து சேர்ந்ததன் நினைவாக ஊரார் அன்று ரொட்டியும் பாஸ்தாவும் தொட மாட்டார்கள், விடிந்ததிலிருந்து அரான்சீனாதான். அன்றைக்கு மட்டும் விதவிதமான உள்ளீடுகளில் கிடைக்கும், வரிசையும் தெருவரை நிற்கும்.

ஜூலை 14 இரவு ஊரின் காவல் தெய்வமான சாந்தா ரொசாலியாவின் தேர் கதீட்ரல் பக்கமிருந்து கடற்கரைக்குப் போகும். 1624இல் வந்த கொள்ளைநோயிலிருந்து ஊரைக் காத்தவள் என்பது நம்பிக்கை. கடற்கரை நெடுகப் பூண்டு போட்ட நத்தை, அவித்த சோளம், வறுத்த கொண்டைக்கடலை, தர்ப்பூசணிச் சாற்றை மாவில் காய்ச்சி உறையவைத்து மல்லிகை மணமேற்றிய ‘ஜெலோ’. பலேர்மோவில் குடியேறிய ஈழத்தமிழர்கள் கிறிஸ்தவர், இந்து என்ற வேறுபாடில்லாமல் இவளைக் கும்பிடுகிறார்கள். மோந்தே பெல்லெக்ரீனோ மலைமேல் உள்ள அவளுடைய குகைக் கோயிலுக்குப் போனால் தமிழ்ப் பேச்சு காதில் விழும். செப்டம்பர் 4 அவளுடைய திருநாள்; முந்தின இரவே ஊரார் நடந்து மலையேறுவார்கள். நீங்களும் ஏறப் போகிறீர்கள் என்றால் புறப்படும் முன் கீழே பனெல்லே ரொட்டி ஒன்றைக் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள், தண்ணீரும் இரண்டு பாட்டில்.